அடுத்த மூன்று மணி நேரத்துக்கு

ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் தபாலில் அனுப்பியிருப்பேன். அனுப்பியிருந்தால் என் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு என்னோடு பேசியிருக்க மாட்டார். அந்த நிம்மதியாவது கிடைத்திருக்கும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், கிள்ளானில். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். மகனுக்குத் தை மாதம் கல்யாணம். குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக மாப்பிள்ளையின் அத்தைக்குத்தான் பத்திரிகை வைக்க வேண்டும். நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புடவையோடு, அவருடைய வீட்டுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். வாசலில் கொடுத்தால் கூட அது அழைப்பாகாதாம். வீட்டுக்காரருக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா, அவர்தான் அந்த அத்தை. அக்கா வாங்காமல் சொந்தத்தில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள். வீட்டுக்காரருக்கோ முட்டியில் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான். ஆகையால் ஐப்பசி மழையில் நான் மட்டும் வந்து இறங்கினேன்.

எனக்கு இடி என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சாயங்காலம் இடிக்காத நாள் குறைவு. இருபது வருஷமாக என் வேலையில் பாதி, வானம் கறுத்ததும் பிள்ளைகளைத் திடலிலிருந்து வகுப்புக்குள் விரட்டுவது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குவேன். முப்பது எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால் எல்லோரும் உள்ளே. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் ஒருவரும் வெளியே வரக் கூடாது. பிள்ளைகள் எனக்கு 'இடி டீச்சர்' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நாள் காலை தஞ்சாவூரில் ஓட்டலில் இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடப்பா என்றதும் ஏதோ கல் என்று நினைத்தேன், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் போட்ட ஒரு குழம்பு. மூன்றாவது இட்லிக்கு அதை இன்னொரு கரண்டி கேட்டேன். அப்போது கடையில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அலறின. என் கையில் இருந்த இட்லி இலையில் விழுந்தது. இங்கே வாங்கிப் போட்ட சிம்மில் எனக்கும் வந்திருந்தது: அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் கனமழை பெய்ய வாய்ப்பு, பொதுமக்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கவும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இடது கையால் போனை அமுக்கி அதன் வாயை மூடிவிட்டு, வலது கையால் சாப்பிட்டார்கள். நான் மட்டும் கூரையைப் பார்த்தேன்.

"தினம் வரும்ங்க இது. நீங்க சாப்பிடுங்க," என்றார் பரிமாறியவர். "நேத்துகூட வந்துச்சு. ஒரு தூத்தல் இல்ல."

அன்றும் ஒரு தூற்றல் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நாலு முறை பொய்யான எச்சரிக்கையை ஐந்தாவது முறை யார் மதிப்பார்கள்?

அண்ணிக்குப் போன் போட்டேன். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அந்த அக்கா, பெயர் சரோஜா. நாளைக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"நான் வீட்டுல எங்கம்மா இருக்கேன்? களத்துல கெடக்கேன்," என்றார். "குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல கொட்டி நாலு நாளாச்சு. நம்ம முறை வந்து எடை போட்டு முடிச்சாத்தான் வீடு. இன்னும் ரெண்டு நாள் ஆவும்."

அண்ணியின் கணவர் இறந்து எட்டு வருஷம். மகள் திருப்பூரில் வேலையில் இருக்கிறாள். அண்ணி தனியாகக் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறார். அந்தக் குவியல்தான் அவருக்கு இந்த வருஷம்.

இரண்டாம் நாள், காத்திருக்கும் நேரத்தில் குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்துவிடலாம் என்று பேராவூரணிப் பக்கம் கிளம்பினேன். வாடகைக் கார் ஓட்டியவர் முருகையன். நாற்பத்தைந்து வயது இருக்கும், பேச்சுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊரில் மலையும் மேடும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சமவெளி பிடிபடவே இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் வயல், அதற்கு அந்தப் பக்கமும் வயல். வரப்பில் ஓர் ஆள் நின்றால் அரை மைல் தூரத்துக்கு அவர்தான் உயரம். எனக்கு அழகாகத் தோன்றவில்லை, இடி எங்கே விழும் என்றுதான் தோன்றியது.

பட்டுக்கோட்டை தாண்டியதும் தென்னந்தோப்புகள். இளநீர் குடிக்க இறங்கினோம். வரிசையில் ஒரு மரம் மட்டும் தலையில்லாமல் மொட்டையாக நின்றது.

"போன மாசம் இடி விழுந்துச்சுங்க," என்றார் வெட்டிக் கொடுத்தவர், இளநீரின் வழுக்கையை வழித்துக்கொண்டே. நான் இளநீரைக் காருக்குள் உட்கார்ந்து குடித்தேன். முருகையன் சிரிப்பை அடக்கியது கண்ணாடியில் தெரிந்தது.

கோயிலில் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுத் திரும்பும்போது மதியம் மூன்று மணி. மறுபடியும் போன்கள் அலறின. இந்த முறை அது பொய் சொல்லவில்லை. தஞ்சாவூருக்குள் நுழைவதற்குள் வைப்பர் பத்தாமல் போனது. ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வேக்கு வந்தபோது, எதிரே இருக்க வேண்டிய சாலை இல்லை. பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"போயிடலாம்ங்க," என்றார் முருகையன். "தினம் போற வழி. எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியும்."

"தண்ணி இல்லாதப்போ தெரியும். இப்போ தெரியுமா?"

"சுத்திப் போனா அரை மணி நேரம் ஆவும்."

"நான் இறங்கிடுவேன்," என்று சொல்லிக் கதவைத் திறந்தே விட்டேன். மழை மடியில் கொட்டியது. கிள்ளானில் திடீர் வெள்ளத்தில் கார்கள் மிதந்து போனதைப் பார்த்தவள் நான். முழங்கால் அளவுத் தண்ணீர் ஆளைத் தள்ளும், அதைவிடக் கொஞ்சம் கூடினால் காரையே தூக்கும். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். எடுத்து முடிப்பதற்குள் அந்த வெள்ளைக் கார் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் அதன் கண்ணாடிக்கு ஏறியது. நல்ல வேளை, பக்கத்து மெக்கானிக் கடைக்காரர்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, உள்ளே இருந்த கணவன் மனைவியை ஜன்னல் வழியாக இழுத்துக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கால் செருப்பு இல்லை. தரையில் உட்கார்ந்து, எங்களைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகையன் சுற்று வழியிலேயே ஓட்டினார். ஓட்டல் வாசலில் இறக்கிவிடும்போது, "நாளைக்கும் நானே வர்றேன்மா," என்றார்.

மூன்றாம் நாள் காலை அண்ணியிடமிருந்து போன். முறை இன்னும் வரவில்லை. எனக்கோ மறுநாள் இரவு விமானம். சரி, முதலில் ஆளைப் பார்ப்போம், வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சுவோம் என்று தட்டையும் புடவையையும் எடுத்துக்கொண்டு முருகையனின் காரில் களத்துக்கே போனேன்.

களம் எங்கள் பள்ளித் திடல் அளவு இருந்தது. ஒரு பக்கம் கொள்முதல் நிலையத்தின் சின்ன ஷெட், அதற்குப் பின்னால் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். மற்ற மூன்று பக்கமும் சம்பா நட்ட வயல். வெட்டவெளியில் பதினைந்து இருபது நெல் குவியல்கள், ஒவ்வொன்றின் மேலும் தார்ப்பாய், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள். அண்ணி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மெலிந்திருந்தார், கறுத்திருந்தார், சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இப்படியா உன்னை வரவேற்கணும்? உக்காரு," என்று ஒரு சாக்கை மடித்துப் போட்டார். தூக்கில் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. எனக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். கல்யாணத்தைப் பற்றி அத்தனையும் கேட்டார். பெண் என்ன நிறம், என்ன படிப்பு, மாமியாரை மதிப்பாளா என்று வரிசையாகக் கேட்டார். வீட்டுக்கு ஒரு நடை வாருங்கள் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "நெல்லை விட்டுட்டா?" என்று மூன்று தடவையும் சிரித்தார்.

குவியலின் மூலையில் ஒரு கடப்பாரை நட்டு வைத்திருந்தது. பார்த்தால் எல்லாக் குவியலுக்கும் அப்படி ஒன்று இருந்தது. தார்ப்பாயைக் கட்டுவதற்கு என்று நினைத்தேன்.

"இடிக்குதுல்ல, அதுக்கு," என்றார் அண்ணி. "இரும்பு இடியை இழுத்துக்கும். நம்ம மேல விழாது."

"கடப்பாரை மேல விழும்?"

"ஆமா."

"அதுக்கு நாலு அடி தள்ளி நீங்க உட்கார்ந்திருக்கீங்களே அண்ணி?"

"நான் உக்காரலன்னா பாய் பறந்துடுமே," என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "கல்லெல்லாம் வெச்சாச்சு. காத்து சுழட்டி அடிச்சா கல்லு நிக்காது. ஆளு மேல ஏறி உக்காந்தாத்தான் நிக்கும்."

அவர்கள் கணக்கில் பாதி சரி. இரும்பு இழுக்கும்தான். ஆனால் இழுத்ததைத் தரையில் விடும்போது பக்கத்தில் இருப்பவரைச் சும்மா விடாது, அதுவும் ஈரத் தரையில். இதை நான் விளக்கினேன். அண்ணி தலையாட்டிக் கேட்டார். பிள்ளைகள் தலையாட்டுவதை இருபது வருஷமாகப் பார்த்தவள் நான், எனக்குப் புரிந்தது.

இரண்டரை மணிக்குக் களம் முழுக்கப் போன்கள் அலறின. அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று அதே செய்தி. ஒருவரும் ஷெட்டைப் பார்த்துப் போகவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் குவியலைப் பார்த்து ஓடினார்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லி வந்த செய்திக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நெல்லுக்குப் பாதுகாப்பு என்பதுதான்.

தெற்கே வானம் ஊதா நிறமாகியிருந்தது. ஒரு மின்னல். எண்ணினேன். இருபத்தெட்டில் இடி கேட்டது. அண்ணி தார்ப்பாயின் மேல் ஏறிக் கால்களைப் பரப்பி உட்கார்ந்தார். குவியலின் உச்சி, அதன் மேல் அண்ணி. அந்தக் களத்தில் அதைவிட உயரமான பொருள் வேறு எதுவும் இல்லை.

"அண்ணி, காருக்கு வந்துடுங்க. கதவை மூடிட்டா காருக்குள்ள ஒண்ணும் ஆகாது."

"நீ போய் உக்காரு. நான் இதை எத்தனை வருஷமா பாக்குறேன்."

அடுத்த மின்னல், பத்தொன்பது. காற்று கிளம்பிவிட்டது. பக்கத்துக் குவியல்காரர், "மலேசியாக்காரங்க பயந்துட்டாங்க," என்று சிரித்தார். அவரும் தன் தார்ப்பாயின் மேல்தான் இருந்தார். எனக்குப் பயம். கோபம் வேறு. ஒரு பொம்பிளை ஆறு நாள் வெயிலில் காய்ந்து, ஏழாம் நாள் ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு சாக வேண்டுமா?

பதினொன்று.

அதன் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குவியல் மேல் ஏறி அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன பண்றே நீ?"

"நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்கதான்."

"மாலா, இறங்கு."

"மாட்டேன்."

"மாப்பிள்ளையோட அம்மாடி நீ. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது? அந்தப் புள்ளைக்கு என்ன சொல்றது?"

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன சொல்றது?"

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த மின்னலில் அவர் முகம் வெளுத்துத் தெரிந்தது. நான் ஐந்து வரைதான் எண்ணினேன். இடி நெஞ்சுக்குள் விழுந்தது போல இருந்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு பேரும் காரை நோக்கி ஓடினோம். சிரித்த மனிதர் எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஓடினார்கள்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் மழை இடிந்து விழுந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அண்ணியின் குவியல் தெரிந்தது. தார்ப்பாயின் ஒரு மூலை எழுந்து அடித்துக்கொண்டது. இரண்டு கற்கள் உருண்டன. காற்று அடியில் புகுந்து பாயைத் தூக்கி, ஓரமாக மடித்துப் போட்டது. சாலையிலிருந்து தண்ணீர் களத்துக்குள் பாய்ந்து வந்து குவியலின் அடியைச் சுற்றிக்கொண்டது. தண்ணீரோடு நெல் கிளம்பி வெளியே போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அண்ணியின் கை கதவுக்குப் போனது. முன்னாலிருந்து முருகையன் எல்லாக் கதவுகளையும் பூட்டும் சத்தம் கேட்டது.

"திறப்பா."

"திறக்க மாட்டேன்மா. அப்புறமா என்னை என்ன வேணா திட்டிக்குங்க."

அண்ணி கதவை அடித்தார். பிறகு என்னை அடித்தார், தோளில், இரண்டு தடவை. நான் வாங்கிக்கொண்டேன். கார் முழுக்க வெள்ளை வெளிச்சம் வந்தது, சத்தமும் கூடவே வந்தது. எண்ணுவதற்கு இடமே இல்லை. "அர்ச்சுனா, அர்ச்சுனா," என்று இடிக்குக் கூப்பிடும் பெயரைக் கூப்பிட்டார் முருகையன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே. வயலுக்குள் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். கடப்பாரை நட்டது நட்டபடி நின்றது.

இடி நாற்பதுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் என்று நான் பிடித்து வைத்தேன். அந்த நேரத்தில் அண்ணி பார்த்த மாதிரி என் மாணவர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பூட்டைத் திறந்ததும் கணுக்கால் தண்ணீரில் நடந்து போய்க் குவியலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கை நெல்லை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இடி விழலையே, மாலா."

திடலிலிருந்து உள்ளே விரட்டப்பட்ட பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குச் சிரித்துக்கொண்டே ஏதாவது பதில் சொல்வேன். அண்ணியின் கையில் நனைந்த நெல் இருந்தது.

"நான் உக்காந்திருந்தா பாய் நின்னிருக்கும்," என்றார். "நீ போ. தட்டை எடுத்துக்கிட்டுப் போ."

அன்று சாயங்காலம் ஓட்டல் அறையில் காப்பி வாங்கி வைத்துவிட்டு, அது ஆடை கட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்யத் தைரியம் வரவில்லை. அண்ணியைக் காப்பாற்றினேனா, அவருடைய நாலு மாத உழைப்பைத் தண்ணீரில் விட்டேனா, இரண்டில் எது என்று யோசித்துப் பார்த்தேன். நெல் நனைந்தது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்த உண்மை.

நான்காம் நாள் காலை வெயில் வந்துவிட்டது. தட்டில்லாமல், வெறுங்கையோடு களத்துக்குப் போனேன். அண்ணி நனைந்த நெல்லைத் தனியாகப் பிரித்துச் சிமென்ட் தரையில் பரப்பியிருந்தார். கால்வாசிக்கும் மேல் இருக்கும். பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நெல்லுக்குள் நடந்து அதைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்முனையிலிருந்து அதேபோல நடக்கத் தொடங்கினேன். ஐந்து நடை, ஆறு நடை. நடுவில் சந்திக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டோம்.

"காலைத் தூக்காதே. இழுத்து நட," என்றார் ஏழாவது நடையில்.

இழுத்து நடந்தேன். அடுத்த நடையில் அவரே பேசினார்.

"நேத்து நீ போன பிறகு எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நிக்கவே இல்ல. டீ கிளாஸைப் பிடிக்க முடியல. பக்கத்துல இருந்தவங்க நெல்லு போன துக்கம்னு நெனச்சுக்கிட்டாங்க."

"என்ன அண்ணி?"

"பயம்டி. இத்தனை வருஷமும் அந்தப் பாய் மேல உக்காந்திருக்கேன், பயப்படுறதுக்கு நேரமே கெடைச்சதில்ல. நேத்து கார்ல உக்கார வெச்சியா, உக்காந்து பாத்தேனா, அப்பதான் நான் எங்க உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரிஞ்சுது." ஒரு நடை போய்த் திரும்பி வந்தார். "மழைன்னா எல்லாரும் போன் பண்ணுவாங்க. திருப்பூர்லேர்ந்து பண்ணுவா, உன் வீட்டுக்காரன் பண்ணுவான். நெல்லை மூடிட்டியா, நெல்லை மூடிட்டியான்னு. உள்ள வான்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

அதில் நானும் சேர்த்திதான். கிள்ளானில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்டீங்களா, மூடிட்டாங்களாமா என்று நானே எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். அண்ணி அழவில்லை. "சாயங்காலம் ஒரு மணி நேரம் பக்கத்துக் குவியல்காரர் இதைப் பாத்துக்கறேன்னிருக்கார். வீட்டுக்கு வா, விளக்கேத்தி வைக்கிறேன்," என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீட்டுக்காரர். தஞ்சாவூர்ப் பக்கம் பேய் மழை என்று செய்தியில் பார்த்தாராம். என்னை விசாரிக்கக்கூட இல்லை. அக்கா பக்கத்தில் இருந்தால் கொடு என்றார். கொடுத்தேன். ஊரே கேட்கிற மாதிரிதான் அவர் எப்போதும் பேசுவார்.

"அக்கா, நெல்லு என்னாச்சு?"

அண்ணி நெல்லின் நடுவில் நின்றுகொண்டு, போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நான் நல்லாத்தான்டா இருக்கேன்."